வீட்டில் செய்த துப்பாக்கிக்கு எண் வேண்டுமா?

கேள்வி:

நாங்கள் டாலஸ் பக்கம் பல வருடங்களாக இருக்கிறோம். நான், என் கணவர், பையன் மூவருமே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டோம். பையனுக்கு 26 வயது. கொரோனா சமயத்தில் வீட்டோடு இருந்தபோது, 2021-ல், ஆன்லைனில் ஒரு கிட் வரவழைத்து, கராஜில் உட்கார்ந்து ஒரு கைத்துப்பாக்கியைச் செய்து முடித்தான். நான் பயந்தபோது, "இங்கே இது சட்டப்படி சரிதாம்மா" என்றான். அதில் கம்பெனி பெயரும் கிடையாது, நம்பரும் கிடையாது. நம்ம ஊரில் வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தாலே போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும். இங்கே மட்டும் எப்படிச் சரி என்று எனக்கு விளங்கவே இல்லை.

இப்போது அவனுக்குக் கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் வேலை கிடைத்திருக்கிறது. சாமான்களோடு இதையும் காரில் எடுத்துப் போகிறேன் என்கிறான். நம்பர்தானே பிரச்சினை, நானே ஒரு நம்பரைப் பொறித்துவிடுகிறேன் என்கிறான். ஆபீஸ் நண்பர் ஒருவர் விலைக்கும் கேட்கிறாராம். எதைச் செய்வது சரி? என் அக்கா மகன் எம்.எஸ். படிக்க வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். இரண்டு பேரும் ரேஞ்சுக்குப் போய் இந்தத் துப்பாக்கியால் சுட்டுப் பழகிவிட்டு போட்டோவெல்லாம் எடுத்திருக்கிறார்கள். அதனால் ஏதும் வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சாஸ்

பதில்:



எண் பொறிப்பதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அக்கா மகன் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுட்டான் என்று, அதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் பெரிய ஆபத்து எண் இல்லாத துப்பாக்கியைவிட, அது போய்ச் சேர்ந்த கைதான்.

எம்.எஸ். படிக்க வந்தவர் என்றால் எஃப்-1 விசாவில் இருப்பார். எஃப்-1, எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமான மாநிலமாக இருந்தாலும் இந்தத் தடை அங்கேயும் உண்டு. வைத்திருப்பது என்றால் விலைக்கு வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்வது மட்டுமல்ல. ரேஞ்சில் சில நிமிடம் கையில் வாங்கிச் சுடுவதும் அதில் அடங்கும். 2022-க்குப் பிறகு இதற்கான தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம். தடை உள்ளவர் என்று தெரிந்தே துப்பாக்கியைக் கொடுப்பதும் குற்றம், அதற்கும் அதே தண்டனைதான். ஆகவே இதில் உங்கள் பையனும் மாட்டுகிறார்.

சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன. மாணவர்களுக்குப் பொருந்தக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம். ரேஞ்சுக்குப் போன அந்த நாட்களில் அவரிடம் அப்படி ஓர் உரிமம் இருந்ததா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், குடியேற்றச் சட்டமும் குற்றவியல் சட்டமும் தெரிந்த ஒரு வழக்கறிஞரை அவர் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது ஓர் உரிமம் வாங்கினால் முன்பு நடந்ததற்கு அது உதவாது.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹாயிஃப் வழக்கில் சிக்கியவர் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர். பல்கலைக்கழகம் நீக்கிவிட்டதால் அவருடைய மாணவர் விசா நிலை போய்விட்டது. அதன்பின் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், வழக்கு வந்தது, தண்டனையும் வந்தது. தன் நிலைமை என்ன என்பது அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பி அனுப்பியது. உங்கள் அக்கா மகனுக்கு அதில் பெரிய ஆறுதல் கிடையாது. தான் எந்த விசாவில் இருக்கிறோம் என்பது தெரியாத இந்திய மாணவர் யார்? சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தீர்ப்பு வந்துவிட்டால் நாடு கடத்தவும் அதுவே காரணமாகும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக்கூட இந்த ஆபத்து உண்டு.

எனவே இன்றிலிருந்து அவர் அந்தத் துப்பாக்கியைத் தொட வேண்டாம். அது இருக்கும் பெட்டியின் சாவியும் அவருக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். அந்தப் போட்டோக்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாரிடமும் பேச வேண்டாம். பயந்துபோய் அவற்றை அழிக்கவும் வேண்டாம். என்ன செய்வது என்று வழக்கறிஞர் சொல்லட்டும்.

இனி எண்ணுக்கு வருகிறேன்.

உங்கள் பையன் அன்று சொன்னது உண்மைதான். 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர் எண்ணைக் கட்டாயமாக்கியது. கென்னடி சகோதரர்களும் மார்ட்டின் லூதர் கிங்கும் சுடப்பட்ட ஆண்டுகளில் உருவான சட்டம் அது. அதற்கு முன்பு விலை மலிந்த .22 ரைபிள்களும் ஷாட்கன்களும் எண் இல்லாமலே விற்கப்பட்டன. ஆனால் அந்தச் சட்டம் எண் பொறிக்கச் சொன்னது உரிமம் பெற்ற உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும்தான். தனக்கென்று வீட்டில் ஒன்றைச் செய்துகொள்பவரைப் பற்றி அது பேசவில்லை. தடை ஏதும் இல்லாத ஒருவர், விற்கும் நோக்கமில்லாமல், தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு சாதாரணத் துப்பாக்கியைச் செய்துகொள்ளலாம். கூட்டரசுச் சட்டப்படி அதற்கு உரிமமும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். 2021-ல் அந்தக் கிட்டை விற்றவர்கள், முழுதாக முடிக்காத பாகங்கள் இன்னும் துப்பாக்கி ஆகவில்லை என்று சொல்லித்தான் எண் இல்லாமல், பின்னணிச் சோதனை இல்லாமல் விற்றார்கள்.

ஊர்ச் சட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள். அந்தக் குழப்பம் நியாயமானதே. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் உரிமமின்றித் துப்பாக்கி செய்வதே குற்றம். 2019-ல் திருத்திய பிறகு அதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள், அதிகமாக ஆயுள் தண்டனை. அடையாளக் குறி இல்லாத துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அந்தக் குறியை அழித்தவர் அவர்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அங்கே செய்வதிலிருந்தே தடை தொடங்குகிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் செய்வதை விட்டுவிட்டு, வியாபாரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

வீட்டில் செய்பவரே பொறித்தாக வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் சொல்லும் இடமும் ஒன்று உண்டு. பலருக்கு அது தெரியாது. குட்டைக் குழல் ரைபிள், குட்டைக் குழல் ஷாட்கன், சத்தம் குறைக்கும் சைலன்சர் ஆகியவை 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஏடிஎஃப் என்ற கூட்டரசுத் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் இவற்றைச் செய்யலாம். செய்பவர் தன் பெயர், ஊர், மாநிலம், தொடர் எண் எல்லாவற்றையும் பொறிக்கவும் வேண்டும். கைத்துப்பாக்கிதானே, இது எங்களுக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். தோளில் வைத்துச் சுடும் ஸ்டாக் ஒன்றை அதன் பின்னால் மாட்டிவிட்டால் அதே கைத்துப்பாக்கி சட்டத்தின் கண்ணில் குட்டைக் குழல் ரைபிள் ஆகிவிடும். உங்கள் பையன் அப்படி ஏதாவது மாட்டிப் பார்த்தாரா என்று கேட்டு வையுங்கள்.

எண் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், போலீஸ் அதன் எண்ணை மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கும் தேசியத் தேடல் மையத்துக்கு அனுப்புகிறது. தனியார் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் பொதுவான ஒரு கூட்டரசுப் பதிவேடு கிடையாது. அப்படி ஒன்றை உருவாக்கக் கூடாது என்று 1986-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். அதனால் அந்த மையத்தில் இருப்பவர்கள் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் உற்பத்தியாளரைக் கேட்க வேண்டும். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், மொத்த வியாபாரி கடையைக் காட்டுவார், கடைக்காரர் தன் ஏட்டைப் புரட்டி முதலில் வாங்கியவர் யார் என்று சொல்வார். இந்தச் சங்கிலிக்குத் தொடக்கமே அந்த எண்தான். எண் இல்லாத துப்பாக்கி கிடைத்தால் போலீஸ் யாரையுமே கேட்க முடியாது. வீட்டில் செய்தவை என்று கருதப்பட்டு போலீசிடம் சிக்கியவை 2017-ல் சுமார் 1,600. 2021-ல் 19,000-க்கு மேல். இந்தக் கணக்கை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. எண் பொறிக்கும் விதியை வெறும் காகித வேலை என்று என்னால் ஒதுக்க முடியாததற்கு இதுதான் காரணம். கொலையுண்ட பிள்ளையின் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய போலீசிடம் அந்த ஓர் எண்ணாவது இருக்க வேண்டும்.

இந்தப் பெருக்கத்தைப் பார்த்துத்தான் ஏடிஎஃப் 2022-ல் புது விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 முதல் அது நடப்புக்கு வந்தது. வேலை முக்கால்வாசி முடிந்த ஃப்ரேம்களையும் (துப்பாக்கியின் உடல் பாகம்), பாகங்களை ஒரே பெட்டியில் அடைத்து விற்கும் கிட்களையும் துப்பாக்கியாகவே கருத இது வழி செய்தது. அப்படிக் கருதப்படுவதை விற்பவர் உரிமம் வாங்க வேண்டும், எண் பொறிக்க வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். கிட் கம்பெனிகள் வழக்குக்குப் போயின. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில், இப்படி விதி போட ஏடிஎஃபுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச்.

உங்கள் வீட்டுத் துப்பாக்கி 2021-லேயே செய்யப்பட்டுவிட்டது. ஏற்கெனவே வீட்டில் இருப்பதற்கு எண் போடச் சொல்லி 2022 விதி அதன் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கி உரிமம் பெற்ற ஒரு டீலரின் கைக்குப் போய் அவர் கணக்கில் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. வாங்கிய 7 நாட்களுக்குள், அல்லது அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன், இதில் எது முந்துகிறதோ அதற்குள் அவர் எண் பொறித்தாக வேண்டும். அந்த எண் அவருடைய உரிம எண்ணின் சுருக்கத்தோடு தொடங்கும். அதனால் எந்தக் கடையில் பொறிக்கப்பட்டது என்பது அதிலேயே தெரியும். ஒரு சின்னப் பழுது பார்த்து அன்றைக்கே கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் பொறிக்கத் தேவையில்லை.

பொறிப்பதற்கும் அளவு இருக்கிறது. எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, ஆழம் 0.003 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இடமும் முக்கியம். எண் நிற்க வேண்டியது ஃப்ரேமில் அல்லது ரிசீவரில். சட்டத்துக்கு அதுதான் துப்பாக்கி. குழலையும் ஸ்லைடையும் இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாற்றிவிடலாம்.

உங்கள் பையன் தானே ஒரு நம்பரைப் பொறித்துக்கொண்டால் டெக்சாஸில் குற்றமில்லை. திருட்டுப் போனால் புகார் கொடுக்கும்போது அடையாளம் சொல்ல உதவும் என்ற அளவுக்கு அது நல்லதுதான். அவ்வளவுதான் அதன் பலன். அந்த எண் எந்தக் கடை ஏட்டிலும் இல்லை, மார்ட்டின்ஸ்பர்க்கில் யார் தேடினாலும் கிடைக்காது, கலிபோர்னியா அதை எண்ணாக மதிக்கும் என்று நம்பவும் இடமில்லை. ஏதாவது கம்பெனியின் பெயரையோ, வேறொரு துப்பாக்கியின் எண்ணையோ பார்த்துப் பொறித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போலியாகிவிடும். டீலர் ஒரு தடவை பொறித்த எண்ணைப் பிறகு சுரண்டுவதோ மாற்றுவதோ கூட்டரசுக் குற்றம். எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை அது தெரிந்தே வைத்திருந்தாலும் 5 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. இதற்கான சட்டப் பிரிவு செல்லாது என்று மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மாவட்ட நீதிபதி 2022-ல் சொன்னதை இளைஞர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பை 2024-ல் நான்காம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வே ரத்து செய்துவிட்டது.

சான் ஹோசேயைப் பற்றி என் பதில் நேரானது: காரில் எடுத்துப் போக வேண்டாம்.

டெக்சாஸில் இதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் இல்லை. கலிபோர்னியா இதில் நேர்எதிர். அங்கே 2018 ஜூலை 1 முதல், வீட்டில் துப்பாக்கி செய்ய நினைப்பவர் செய்வதற்கு முன்பே மாநில நீதித்துறையிடம் விண்ணப்பித்து, பின்னணிச் சோதனையில் தேறி, எண் வாங்கி, அதைப் பொறிக்க வேண்டும். 2022-ல் சட்டத்தை இன்னும் இறுக்கி, எண் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். வேறு மாநிலத்திலிருந்து குடிவருபவர் தன்னிடம் உள்ள கைத்துப்பாக்கியைப் பற்றி 60 நாட்களுக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். எண் இல்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தில் உங்கள் பையன் எதை எழுதுவார்? எழுதாமல் விட்டால் அது இன்னொரு மீறல்.

டாலஸிலேயே ஒரு டீலரிடம் எண் பொறித்துக்கொண்டு போனால் என்ன என்று அடுத்துக் கேட்பார். அதனால் ஒரு தடை விலகலாம். மற்றவை அப்படியே நிற்கும். கிட்டோடு வரும் மேகசின்கள் பலவற்றில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும். அப்படிப்பட்டதைக் கலிபோர்னியாவுக்குள் கொண்டுவருவது தனிக் குற்றம். கைத்துப்பாக்கியின் அமைப்பைப் பற்றியும் அந்த மாநிலத்துக்குத் தனி விதிகள் உண்டு. கராஜில் செய்த ஒன்று இத்தனையையும் தாண்டுமா என்று அங்கத்திய வழக்கறிஞர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. அவர் கேட்கும் கட்டணத்துக்கு உங்கள் பையன் புதுத் துப்பாக்கி ஒன்றே வாங்கிவிடலாம்.

"வழியில் யாரும் பிடிக்க முடியாது, கூட்டரசுச் சட்டமே காப்பாற்றும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1986-ல் வந்த அந்தப் பாதுகாப்பு, புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலுமே சட்டப்படி வைத்திருக்கக்கூடிய துப்பாக்கியைப் பூட்டி எடுத்துச் செல்பவருக்கு மட்டும்தான். போய்ச் சேரும் இடத்தில் அது குற்றம் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நியூ ஜெர்சி, நியூயார்க், கனெடிகட் என்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் எண் இல்லாத துப்பாக்கிகளுக்கு எதிராக ஏதாவது ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டன. நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் மாநிலங்கள் பல அதில் அடக்கம். நியூ ஜெர்சியின் எடிசனுக்கோ கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டுக்கோ வேலை மாற்றிக்கொண்டு போகும் பிள்ளைகள், வீட்டுச் சாமான்களில் ஒன்றாக இதையும் மூட்டை கட்டுகிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். டெக்சாஸில் ஐந்து வருடம் எந்தத் தவறும் செய்யாமல் இருந்த ஒருவர் எல்லையைத் தாண்டிய அன்றே குற்றவாளி ஆகிவிடலாம். போலீஸ் காரை நிறுத்தும்வரை அது அவருக்கே தெரியாது.

ஆகவே டெக்சாஸை விட்டுப் புறப்படும் முன்பே இதை முடித்துவிடுங்கள். உரிமம் பெற்ற டீலர்கள் நாலைந்து பேரை அழைத்து, வீட்டில் செய்த துப்பாக்கியை வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் அவர்களை வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். வாங்கிக்கொள்பவர் எண் பொறிப்பார், ஏட்டில் ஏற்றுவார். அதன்பின் அது யாரிடம் போனாலும் உங்கள் பையன் அதை எந்தத் தேதியில் யாரிடம் ஒப்படைத்தார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கும். அந்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். செலவு செய்த பணம் முழுதும் திரும்ப வராது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தை அவசர எண்ணல்லாத எண்ணில் அழைத்து, ஒப்படைக்க விரும்புவதாகச் சொல்லி, எப்போது, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அதன்படி செய்யலாம். கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது.

கடைசியாக அந்த ஆபீஸ் நண்பர். தனக்கென்று செய்துகொண்ட துப்பாக்கியைப் பிற்பாடு தேவையில்லை என்று விற்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கவில்லை. செய்யும்போதே விற்கும் எண்ணம் இருந்தாலோ, லாபத்துக்கு ஒன்றுக்குப்பின் ஒன்றாகச் செய்து விற்றாலோ அது உரிமமில்லாத வியாபாரம். டெக்சாஸில் குடியிருக்கும் ஒருவர் அதே மாநிலத்தவருக்கு நேரடியாக விற்கலாம், பின்னணிச் சோதனை கட்டாயமில்லை. வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றால் டீலர் வழியாகத்தான் கைமாற வேண்டும். சட்டம் இவ்வளவு இடம் கொடுத்தாலும், எண் இல்லாமல் கைக்குக் கை மாற்றுவதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். நாளை அந்தத் துப்பாக்கி அவரிடமிருந்து திருட்டுப் போய் எங்கோ ஒரு தெருவில் கிடந்தால், அது உங்கள் பையனிடம் இல்லை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. விற்பதாக இருந்தால் டீலர் கடையிலேயே வைத்து விற்கட்டும். அவர் எண் பொறித்து, வாங்குபவரிடம் 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்பி வாங்கி, பின்னணிச் சோதனையும் முடித்துக் கொடுப்பார்.

விலை பேசுவதற்கு முன் அந்த நண்பர் எந்த விசாவில் இருக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். எச்-1பி என்றால், உங்கள் அக்கா மகனுக்கு உள்ள அதே தடைதான் அவருக்கும்.